பட்டு அவித்த தண்ணீரும் நான்கு ரோஜாச் செடிகளும்

வேலூரிலிருந்து ஆரணிக்குத் திரும்பிய அன்று, ஆட்டோ நின்றதும் கீர்த்தனா வீட்டுக்குள் போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கவாட்டு மாடிப்படியில் ஏறத் தொடங்கினாள்.

"வெயில் ஏறிகினு கீது, அப்புறம் பாத்துக்கலாம், எறங்கு" என்று பின்னாலேயே ஓடினேன். பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்த பெண். இரண்டு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால், தொடாமல், இரண்டு கைகளையும் விரித்தபடி நானும் ஏறினேன்.

மொட்டை மாடியில் ஒன்பது தொட்டிகள். ஒன்பதிலும் அவள் வளர்த்த ரோஜாச் செடிகள். எல்லாம் காய்ந்திருந்தன. இலைகள் கிளையிலேயே சுருண்டு, தொட்டால் நொறுங்கின. வீட்டில் எல்லோரும் வேலூரில் இருந்தோம். செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாரிடமாவது சொல்லிவிட்டு வர வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தண்டையும் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினாள். தோலுக்கு அடியில் பழுப்பாக இருந்தால் அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள். பச்சை தெரிந்த இடத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள். அந்த விரல் நுனிகளில் எல்லாம் ஊசி குத்திய புள்ளிகள்.

"நாலு உயிரோட கீதும்மா" என்றாள்.

அந்த நான்கையும் எப்படியாவது தழைக்க வைத்து அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அதற்காக நான் செய்தது என்ன என்பதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும். இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

நகப்பூச்சு வாசனை

இந்தத் தொடரை இன்றுதான் எடுத்துப் படிப்பவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் சாயப் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றி நெசவாளர் வீடுகளுக்குக் கொடுப்பது தொழில். சாயப் பொடிகளை நிறுத்துக் கலந்து கொடுப்பது என் வேலை. பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. கீர்த்தனா எங்களுக்கு ஒரே பெண்.

பதினோராம் வகுப்புத் தேர்வு முடிந்த சமயம் அவள் இளைக்க ஆரம்பித்தாள். தாகம் என்று குடம் குடமாகக் குடித்தாள். பசி என்று மூன்று தட்டு சாப்பிட்டாள். பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எனக்குச் சந்தோஷம். இருந்தும் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. படிப்புக் களைப்பு, வெயில் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். குளுக்கோஸ் பொடி வாங்கிக் கரைத்துக் கொடுத்தேன். காலையில் இளநீர். மாலையில் வெல்லம் போட்ட கேழ்வரகுக் கூழ். இடையில் வாழைப்பழம்.

ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது மூச்சில் ஒரு வாசனை அடித்தது. எனக்குப் பழக்கமான வாசனை. கல்லூரிச் சோதனைக்கூடத்தில் மூன்று வருடம் முகர்ந்தது. அசிட்டோன்.

"நெயில் பாலிஷ் வெச்சி அழிச்சிகினு இருந்தியா? படிக்கிற நேரத்துல இது ஒண்ணுதான் கொறச்சல்" என்று திட்டினேன்.

அவள் தன் வெறும் நகங்களைத் தூக்கிக் காட்டினாள். பதில் சொல்லத் தெம்பு இல்லை. மறுநாள் மதியம் வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, நினைவு தப்பினாள். ரத்தத்தில் சர்க்கரை ஏறி, அந்த அசிட்டோன் உடம்பெல்லாம் நிரம்பியிருந்தது. உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோயிருந்தது. இனி ஆயுள் முழுக்க ஊசி.

"இந்த ரெண்டு வாரமா என்னென்ன குடுத்தீங்கம்மா?" என்று மருத்துவர் கேட்டார். பெண்ணை நான் பட்டினி போடவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என நினைத்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் பேனாவை வைத்துவிட்டார்.

"நீங்க குடுத்ததால வந்த நோவு இல்ல இது. குடுக்கலன்னாலும் வந்திருக்கும். மனச போட்டுக் கொழப்பிக்காதீங்க."

அவர் அதை இரண்டு முறை சொன்னார். நான் குளுக்கோஸ் டம்ளரை அவளிடம் நீட்டிய என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் சில நேரம் பார்க்கிறேன்.

இளைத்தவருக்குச் சோறு

நான் பிறந்தது தெள்ளாருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தார்கள். வேலை இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டில் யாராவது தலைசுற்றி உட்கார்ந்தால், அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். ஒரே மருந்துதான். அம்மா தன் தட்டில் இருப்பதை எடுத்து அவர்கள் தட்டில் போடுவாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் எழுந்து நடப்பார்கள்.

நான் பட்டம் வாங்கினேன், பட்டறைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன், வீட்டில் ஃபிரிட்ஜ் நிறையப் பழம் வைத்தேன். ஆனாலும் வாடியதைக் கண்டால் ஊட்ட வேண்டும் என்பதைத் தவிர என் கைக்கு வேறு ஒன்றும் பழகவில்லை.

முதல் கொதி

பச்சைப் பட்டு, அதாவது அவிக்காத பட்டு நூல், விறைப்பாக, மங்கலாக இருக்கும். புழு சுரந்த பசை நூலோடு ஒட்டியிருக்கும். சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்து அந்தப் பசையைப் போக்கினால்தான் நூல் மெத்தென்று ஆகும், சாயம் பிடிக்கும். இரண்டு கொதி அவிப்போம். முதல் கொதித் தண்ணீர் கஞ்சி போலக் கலங்கி, ஒரு மாதிரி வேகவைத்த வாடையோடு இருக்கும்.

அந்தத் தண்ணீரை எங்கள் தெருவில் யாரும் சாக்கடையில் விடமாட்டார்கள். வாசல் தென்னைக்கு ஊற்றுவார்கள். எங்கள் தென்னை இருபது வருடமாக அதைக் குடித்துத்தான் காய்க்கிறது. பட்டின் சத்தெல்லாம் அதில் இறங்கியிருக்கிறது என்பது எல்லோருடைய நம்பிக்கை.

ஊர் திரும்பிய முதல் வாரம் செடிகளுக்குச் சாதாரணத் தண்ணீர்தான் ஊற்றினேன். காய்ந்த குச்சிகளை வெட்டிவிட்டேன். ஏழெட்டு நாளில் நான்கு செடிகளிலும் கணுக்களில் சிவப்பாக, எறும்பின் தலை அளவுக்குத் துளிர் முட்டியது. அதோடு விட்டிருக்க வேண்டும்.

எனக்கு அது போதவில்லை. கீழே பெண் இன்னும் எலும்பாகத்தான் இருந்தாள். மாடியில் துளிர் எறும்பின் தலையைத் தாண்டவில்லை. எதிர்வீட்டு மல்லிகா அக்கா தறி வேலை முடித்துத் தன் மாடியில் துணி உலர்த்த வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்டி மொறச்சி பாத்துகினு நிக்கிற? மொறச்சா வளந்துடுமா? மொத கொதி தண்ணி ஊத்து. நிக்காம பூக்கும்."

ஊற்றினேன். நன்றாக ஆற வைத்து, ஒன்றுக்கு இரண்டு பங்கு நல்ல தண்ணீர் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிளாஸ்டிக் வாளியில் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினேன். மூன்று வாரம்.

கீர்த்தனாவை மாடி ஏற வேண்டாம் என்று தடுத்து வைத்திருந்தேன். தினமும் சாயங்காலம் கேட்பாள்.

"செடி எப்டி கீது?"

"நல்லா கீது. நீ மருந்த பாரு."

பள்ளிக்கூடம் திறந்தது. பன்னிரண்டாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டு மணிக்கு நான் பள்ளி வாசலில் நிற்பேன். ஊசி போட்டுக்கொண்டாளா, எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். அவள் தோழி ஒருத்தி, "ஆன்ட்டி, பேசாம எங்க கிளாஸ்லயே சேந்துடுங்க, அட்டெண்டன்ஸ் உங்களுக்குத்தான் ஃபுல்லா கீது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாளும் போனேன்.

"என்னக் கேட்டியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பட்டறையில் சாயம் நிறுத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து குரல் வந்தது.

"மா, மேல வா."

மாடிக்குத் தானாகவே ஏறிவிட்டாள். நான் ஓடிப் போனபோது தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். புது இலைகள் எல்லாம் வெளிறிய மஞ்சள். நரம்புகள் மட்டும் பச்சையாக, வலை பின்னியது போல. ஓரங்கள் கருகியிருந்தன. ஒரு செடி முற்றிலும் கருத்துவிட்டது. நான் இதைப் பார்க்காமல் இல்லை. சத்து போதவில்லை என்று நினைத்துத்தான் கடைசி வாரம் நல்ல தண்ணீர் கலப்பதைக் குறைத்திருந்தேன்.

"இதுக்கு இன்னா ஊத்தின?"

"தண்ணிதான்."

"மா."

"பட்டற தண்ணி. மொத கொதி. ஆறவெச்சிதான் ஊத்தினேன். பட்டோட பசை முழுக்க அதுல எறங்கி கீது, சத்துதான."

"பசை கீது, சரி. சோடா எவ்ளோ கீது? சோப்பு எவ்ளோ கீது? நீ கெமிஸ்ட்ரிதான படிச்ச?"

மண்ணில் காரம் ஏறினால் இரும்புச் சத்தை வேர் இழுக்காது. ரோஜா அதைத் தாங்காது. நான் தேர்வில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். அந்தச் சோடாவைப் பட்டறைக்கு நிறுத்துக் கொடுப்பவளும் நானே.

"தென்ன மரம் குடிக்குதே" என்றேன்.

"அது தென்ன மரம். இது இப்பதான் பொழச்சி வந்த ரோஜா."

கருத்துப்போன செடியின் தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"என்னக் கேட்டியா? என் செடிம்மா. கீழதான கீறேன். ஒரு வார்த்த கேட்டியா? ஆஸ்பத்திரிலயும் இப்டித்தான். நான் கண்ண தெறந்து பாத்துகினு கீறேன். எனக்கு இன்னா ஆச்சுன்னு நீயும் அப்பாவும் டாக்டரும் பேசிக்கிறீங்க. ஸ்கூல்ல மிஸ்கிட்ட நீயா போய் சொல்ற. கேட்டுல வந்து நிக்கிற. நானும் இந்தத் தொட்டி மாதிரியா?"

"சரி, இப்ப இன்னா செய்யணும், சொல்லு" என்றேன். என்ன செய்ய வேண்டும் என்று அந்த வருடத்தில் அவளிடம் நான் கேட்டது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். செடிகளை மண்ணோடு கவிழ்த்து எடுத்து, வேரைச் சுற்றியிருந்த மண்ணை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கரைத்துவிட்டோம். அழுகிய வேர்களைக் கத்தரித்தாள். செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த புது மண். எரு கொஞ்சம்தான் போட விட்டாள். காலை வெயில் மட்டும் படும்படி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தோம்.

"இனிமே ஒண்ணும் போடக் கூடாது. விரல மண்ணுல உட்டுப் பாரு. காஞ்சிருந்தா தண்ணி. ஈரம் இருந்தா திரும்பி வந்துடு. மொட்டு உட்டா கிள்ளிப் போட்டுடு."

"மொட்டயா?"

"பூக்க உட்டா கீற தெம்பையும் பூவுக்குக் குடுத்துடும். மொதல்ல வேர் புடிக்கட்டும்."

வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை, மாடிக்குப் போய் மண்ணில் விரல் விட்டுப் பார்த்து, ஈரம் இருக்கிறது என்று வெறும் வாளியோடு இறங்கி வந்ததுதான். பட்டாணி அளவு மொட்டுகளைக் கிள்ளும்போது கண்ணை மூடிக்கொள்வேன். பள்ளி வாசலுக்குப் போவதையும் விட்டேன். மதிய மணிக்குப் பட்டறையில் தராசின் முன்னால் உட்கார்ந்து, வைத்த எடையையே மறுபடி மறுபடி வைப்பேன்.

"இன்னாம்மா, ஒரே பொடிய நாலு தபா நிறுக்கிற?" என்பார் கணவர்.

ஒட்டுக்குக் கீழே

மழைக்காலத்தில் இலைகள் பச்சையாக வர ஆரம்பித்தன. மூன்று செடிகள் நின்றன. அதில் கருஞ்சிவப்பு ஒட்டு ரோஜா மட்டும் சோம்பி இருந்தது. ஒரு நாள் அதன் அடியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு கிளை கிளம்பியிருப்பதைப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் என் இடுப்பு உயரம். இலைகள் நெருக்கமாக, பளபளவென்று. கணவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். நான் எதுவும் ஊற்றாமலே வந்த தெம்பு என்று எனக்குப் பெருமை.

கீர்த்தனா பார்த்தாள். குனிந்து மண்ணை விலக்கினாள்.

"இத எடுத்துடணும்மா."

"இன்னாடி சொல்ற? கீறதுலயே இதான் நல்லா வந்துகினு கீது."

"ஒட்டுக்குக் கீழேந்து வருது பாரு. இது நம்ம ரோஜா இல்ல. அடியில வேருக்காக ஒட்டுக் கட்டின காட்டுச் செடி. இது வளர வளர மேல கீறது செத்துகினே போவும்."

பக்கத்துக் கிளையைப் பார்த்தேன். அந்த இரண்டு வாரத்தில் அது மேலும் இளைத்திருந்தது. மூன்று தட்டு சோறு சாப்பிட்ட பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு நான் நின்ற சமையலறை நினைவுக்கு வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

கிளையை அடியோடு பிய்த்து எடுத்தேன். முள் கிழித்த தழும்பு இடது கையில் இருக்கிறது.

பதினைந்து நிமிடம்

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. தோட்டக்கலைப் படிப்பில் இடம் கிடைத்தது. பஸ்ஸில் எட்டு மணி நேரம் போக வேண்டிய ஊர். விடுதியில்தான் தங்க வேண்டும். விடுதிச் சேர்க்கை விண்ணப்பத்தைக் கையெழுத்துக்காக என்னிடம் கொடுத்தாள். நான் அதை வாங்கித் தராசுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒன்பது நாள் அங்கேயே இருந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள்.

"போட்டுக் குடுத்துடேன்" என்றார் கணவர்.

"நீங்க போடுங்க."

"நான் போட்டா அவ ஒத்துக்க மாட்டா. உன் கையெழுத்துதான் வேணும்ன்றா."

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சர்க்கரை இறங்கிப்போனால் அவளுக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும். கவனிக்காமல் விட்டால் நினைவு தப்பும். எட்டு மணி நேரத்துக்கு அப்பால் அதை யார் பார்ப்பார்கள்?

அன்று காலை அவள் மாடியில் புதுத் தொட்டிகளுக்கு மண் கலந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறிவிட்டதே என்று படியேறினேன். கடைசி மூன்று படிகள் இருக்கும்போது அவளைப் பார்த்தேன். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. கை நடுங்கியது.

நான் அடுத்த படியில் கால் வைப்பதற்குள் அவள் கையைத் தூக்கினாள்.

"அங்கயே நில்லு மா."

"கீர்த்தனா..."

"நில்லு. நான் பாத்துக்கறேன்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாவாடையிலேயே கையைத் துடைத்து, பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து விரலைக் குத்தினாள். இரண்டாவது முறைதான் ரத்தம் வந்தது. "ஐம்பத்தெட்டு" என்று சொன்னாள். எனக்காகத்தான் சொன்னாள். எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. சர்க்கரைப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, பாட்டில் தண்ணீரில் கொட்டி, குலுக்கிக் குடித்தாள். பாதி சட்டையில் சிந்தியது.

"இப்ப பதினஞ்சு நிமிஷம் இருக்கணும். அப்புறம் திரும்பப் பாக்கணும். நடுவுல எதையும் வாயில திணிக்கக் கூடாது."

எனக்கும் இது தெரியும். வேலூரில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம் பொறுக்காமல் பிஸ்கட், பழம், இன்னொரு டம்ளர் என்று நான் திணித்து, சாயங்காலம் அவளுக்குச் சர்க்கரை எகிறும்.

நின்றேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பட்டறையில் நூலைக் கொம்பில் அடித்துப் பிழியும் சத்தம். அவள் கண்ணை மூடியிருந்தாள். மூடியிருக்கிறாளா, மயங்கிவிட்டாளா?

"முழிச்சிகினுதான் கீறேன்" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

கொஞ்சம் கழித்து அவள் கை நடுக்கம் நின்றது. முகத்துக்கு நிறம் வந்தது. மறுபடியும் விரலைக் குத்தினாள்.

"தொண்ணூத்தாறு."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்து வந்து மேல்படியில் உட்கார்ந்தாள்.

"போய் அத எடுத்துகினு வா" என்றேன்.

அவள் கீழே போய் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். அப்போதுதான் முதல் முறையாக அதை முழுக்கப் படித்தேன். நாள்பட்ட நோய் ஏதேனும் உண்டா என்ற இடம் காலியாக இருந்தது.

"இத ஏன் எழுதல?"

"எழுதினா சேத்துக்கலன்னா? ரூம்ல எல்லாம் ஒரு மாதிரி பாத்தா?"

ஒரு வருடமாக என் பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவளுக்கும் ஒன்று உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ரூம்ல ஒருத்திக்காவது தெரியணும். உன்னால சொல்ல முடியாத நேரத்துல சொல்ல ஒருத்தி வேணும். நான் போய் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. இதையும் நீயே எழுது."

அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு தொடை மேல் தாளை வைத்து, நோயின் பெயரை முழுதாக எழுதினாள். சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதை இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள். மண் படிந்த விரல் தடம் தாளில் விழுந்தது. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்து கோணிப் போய்விட்டது. என் பெயர் எனக்கே படிக்க முடியவில்லை. கணவர் தாளை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"இத காலேஜ்ல ஒத்துப்பாங்களா?" என்றார்.

ஒத்துக்கொண்டார்கள்.